முக்கால் மணி நேர ஓய்வு

நாட்டைச் சுத்திக் காட்டுற பஸ்ஸுல பதினோரு வருஷம் வழிகாட்டியா இருந்தவ நான். இந்தக் கடற்கரையில ஆரம்பிச்சு எதிர்க் கடற்கரை வரைக்கும் பன்னிரண்டு நாள் பயணம். செங்குன்று, பெரிய அணை, அருவி, தொங்கு பாலம், நாப்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவு இருக்கிற மலைப்பாதை, கடைசியில கடலை ஒட்டியே ஓடுற சாலை. காலண்டர்ல படமா வர்ற இடம் ஒண்ணு விடாம எங்க பயணத்துல உண்டு. ஒரு கையில மைக்கு, இன்னொரு கையில மஞ்சக் கொடி. அதனால ஷெட்டுல எல்லாருக்கும் நான் ‘மைக்கு’. என் பேர் தெரிஞ்ச ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான், அவரும் கோபம் வந்தாத்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்.

ஆனா இது என் கதை இல்ல, அண்ணன் கதை. அண்ணன்னா கூடப் பிறந்தவர் இல்ல. பதினோரு வருஷமும் எனக்கு ரெண்டடி முன்னாடி உக்காந்து அந்தப் பஸ்ஸை ஓட்டினவர். ஷெட்டுல அவருக்கு வெச்ச பேர் கல்லுளிமங்கன். வாயைத் திறக்க மாட்டார். மேனேஜர் கத்தினாலும் சரி, பயணிங்க கொஞ்சினாலும் சரி, ஒரே முகம்தான். எனக்கு நேர் எதிர். எனக்கு மூக்கு மேல கோபம், அவருக்கு மூக்கே இல்லையோன்னு தோணும்.

ஒவ்வொரு பயணத்துலயும் யாராவது ஒருத்தர் என்கிட்ட வந்து, உங்க டிரைவர் குடுத்து வெச்சவரும்மா, நாங்க வாழ்நாள்ல ஒரு தடவை பாக்குறதை அவர் மாசத்துக்கு ரெண்டு தடவை பாக்குறார்னு சொல்வாங்க. கேட்டா எனக்கு வயிறு எரியும். அண்ணன் என்னத்தைப் பாத்தார்? பாத்ததெல்லாம் பஸ் நிறுத்துற இடம். செங்குன்றுக்கு வர்ற பஸ்ஸையெல்லாம் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னாடிதான் நிறுத்தணும். அங்கிருந்து பாத்தா குன்றோட முதுகுல ஒரு ஓரம் தெரியும், அவ்வளவுதான். அருவிக்கு நிறுத்துமிடத்துல இருந்து முக்கால் மைல் நடக்கணும். அண்ணி, அதாவது அவர் சம்சாரம், ஒரு தடவை அருவி எப்படிங்க இருக்கும்னு ஆசையா கேட்டிருக்காங்க. சத்தம் கேக்கும்னு சொன்னாராம். இருபத்தி மூணு வருஷமா அங்க போய்ட்டு வர்ற மனுஷன் சொன்ன பதில் அது.

ஏன் இறங்கிப் போய்ப் பாக்கலன்னு நீங்க கேப்பீங்க. டிரைவர் பஸ்ஸை விட்டு நகரக் கூடாது. கம்பெனி விதி. நாங்க கொடியைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் அவருக்கு வேலை ஆரம்பிக்கும். கண்ணாடியை உள்ளயும் வெளியிலயும் துடைக்கணும், ஏன்னா ஜனங்க கண்ணாடி வழியாத்தான் படம் எடுக்குறாங்க, ஒரு விரல் ரேகை தெரிஞ்சா புகார் வரும். முப்பத்தெட்டு சீட்டுக்கு அடியிலயும் பெருக்கணும். சாயங்காலம் எந்த ஓட்டல்ல யார் இறங்குறாங்களோ அந்த வரிசைப்படி பெட்டிகளை மாத்தி அடுக்கணும். இதுக்கு நடுவுல நிறுத்துமிடக் காவலாளி விசில் ஊதி, பெரிய பஸ் வருது, பின்னாடி எடு, முன்னாடி எடுன்னு விரட்டுவான். முட்டி வலின்னு இறங்காம உக்காந்திருக்கிற யாராவது, டிரைவர் தம்பி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமான்னு கேப்பாங்க. நாங்க திரும்பி வரும்போது பஸ் ஜில்லுனு இருக்கும், தரை பளபளன்னு இருக்கும், அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். நல்லா ஓய்வெடுத்தீங்களான்னு சில பேர் கேட்டுட்டு ஏறுவாங்க.

அந்த நேரத்துக்குக் கம்பெனி வெச்ச பேரே ஓய்வுதான். சட்டம் என்ன சொல்லுதுன்னா, நாலு மணி நேரம் ஓட்டின டிரைவர் முக்கால் மணி நேரம் வேற வேலை எதுவும் செய்யாம ஓய்வெடுக்கணும். அதுக்கு ஒரு சீட்டு உண்டு, ஓய்வுச் சீட்டு. இடம், நேரம், எவ்வளவு ஓய்வுன்னு மூணு கட்டம். கீழே டிரைவர் கையெழுத்து. கம்பெனிக்காரன் என்ன பண்ணினான்? ஜனங்க இறங்கி வேடிக்கை பாக்குற நேரத்தையெல்லாம் டிரைவர் ஓய்வுன்னு கணக்குல காட்டிட்டான். கொஞ்சமும் கூசாம பண்ணினான்.

அந்தச் சீட்டை எழுதினது யார்னா, நான்தான். சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா மறைக்கப் போறதில்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிக் குடுத்தார். ஓடுற பஸ்ஸுல எழுதினா எழுத்து ஆடும்மா, இறங்கின இடத்துல எழுத உனக்கு நேரம் இருக்காது, அதனால காலையில ஓட்டல்ல டீ குடிக்கும்போதே அன்னிக்கு முழுசுக்கும் எழுதிடுன்னார். நானும் எழுதினேன். செங்குன்று, முக்கால் மணி. அணை, முக்கால் மணி. அண்ணன் டீயை உறிஞ்சிக்கிட்டே கையெழுத்துப் போடுவார். பதினோரு வருஷம் நடக்காத ஓய்வை, நடக்குறதுக்கு முன்னாடியே நான் எழுதி வெச்சேன். என் எழுத்து முத்து முத்தா இருக்கும்னு ஆபீஸ்ல பாராட்டு வேற.

இப்போ அந்த ஒன்பதாவது நாளுக்கு வர்றேன். ஏரியில சூரிய உதயம் காட்டணும்னு அஞ்சு மணிக்கே கிளம்பிட்டோம். அங்க காவலாளி அண்ணனை மூணு தடவை இடம் மாத்த வெச்சான். அடுத்து அணை. அதுக்கப்புறம் அருவி. அருவிக்குத் திரும்புற முக்குல போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பாறை சரிஞ்சதால பாதையை மூடிட்டாங்களாம், நாளைக்குத்தான் திறப்பாங்களாம். மலையைச் சுத்திக்கிட்டுப் போனா ரெண்டு மணி நேரம் கூடுதல். வண்டிக்குள்ள ஒரே முணுமுணுப்பு. அருவி பாக்கத்தானே வந்தோம்னு ஆரம்பிச்சு அது கொஞ்ச நேரத்துல கூச்சலா மாறிடுச்சு.

நான் மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் கவலைப்பட்டது பாறையைப் பத்தி இல்ல. அருவியும் போச்சு, சாயங்காலம் மலை உச்சியில சூரியன் மறையுறதையும் காட்டலன்னா முப்பத்தெட்டு பேரும் புகார் எழுதுவாங்க, எங்கயும் நிறுத்தாம போய்ச் சேருங்கன்னார். சாப்பாட்டுக்குன்னு கேட்டேன். பொட்டலம் வாங்கி உள்ளயே குடுத்துடுன்னார். அண்ணன்கிட்ட சொன்னேன். சரின்னு தலையை ஆட்டினார். ரயில்வே கேட்டுல வண்டி நின்னப்போ ஒரு கையால பிரிச்சு நாலு வாய் சாப்பிட்டார். கேட்டு திறந்ததும் மீதியை மடிச்சு ஓரமா வெச்சார்.

மலைப்பாதையில ஏறும்போது நான் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு வளைவுங்களை எண்ணிக்கிட்டிருந்தேன். அது ஜனங்களுக்குப் பிடிக்கும், அவங்களும் சேர்ந்து எண்ணுவாங்க. இருபத்தி ஆறு சொல்லி முடிச்சேன். சரக்குனு ஒரு சத்தம். பஸ்ஸோட இடது பக்கம் கைப்பிடிச் சுவரை உரசிக்கிட்டு ஓடுது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் காத்துதான். அடுத்த நொடியே அண்ணன் முழிச்சு, வண்டியை வலது பக்கம் இழுத்து நிறுத்திட்டார். படம் எடுக்க எழுந்து நின்ன ஓய்வுபெற்ற டீச்சரம்மா கீழே விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் இல்ல. அண்ணன் எழுந்து, கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போய் ஒவ்வொரு தலையா எண்ணினார். முப்பத்தெட்டும் இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் படிக்கட்டுல உக்காந்தார்.

ஒரே வாரத்துல கம்பெனி அறிக்கை குடுத்துடுச்சு. டிரைவருக்குப் போதுமான ஓய்வு குடுக்கப்பட்டது, சொந்தக் கவனக்குறைவால தூங்கிட்டார், கம்பெனிக்கு இதுல பொறுப்பு இல்லன்னு. சாட்சி என் முத்து முத்தான எழுத்து. போக்குவரத்து அலுவலகம் அண்ணன் லைசென்ஸை வாங்கி வெச்சுக்கிட்டு, ஏன் இதை நிரந்தரமா ரத்து பண்ணக் கூடாதுன்னு விளக்கம் கேட்டு விசாரணைக்கு நாள் குறிச்சாங்க. அம்பத்தாறு வயசு. பெரிய வண்டி ஓட்டுறதைத் தவிர வேற எதுவும் தெரியாத ஆள். சைக்கிள்கூட அவருக்குக் கோணலாத்தான் போகும்.

விசாரணைக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ரெண்டே ரூம். முன் ரூம்ல பாதியை அண்ணியோட தையல் மெஷின் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஆஸ்பத்திரி ஊழியருங்களுக்குச் சீருடை தைக்குறாங்க, பச்சைத் துணி மலையா குவிஞ்சு கிடந்துச்சு. அண்ணன் தரையில உக்காந்து பட்டன் காஜாவுல தொங்குற நூலைக் கத்தரிச்சுக்கிட்டிருந்தார். ஸ்டீயரிங் பிடிச்ச அந்தக் கையில குட்டிக் கத்தரிக்கோலைப் பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னிக்கு மதியம்தான் மேனேஜர் வந்துட்டுப் போயிருக்கார். தப்பு என்னுதுதான்னு எழுதிக் குடுத்துட்டா ஷெட்டுல பஸ் கழுவுற வேலை போட்டுத் தர்றேன்னு சொல்லி, டைப் அடிச்ச காகிதத்தையும் வெச்சுட்டுப் போயிருக்கார். அது மெஷின் மேல இருந்துச்சு. அண்ணன் கையெழுத்துப் போடத் தயாராவே இருந்தார்.

நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். இருபத்தி மூணு வருஷம் ஓட்டின ஆளை வாளியைத் தூக்க வைக்கிறான், உங்களுக்கு ரோஷமே இல்லையான்னேன். விடிகாலை அஞ்சு மணியில இருந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடவிடாம விரட்டினதை அங்க போய்ச் சொல்ல வேண்டியதுதானேன்னேன்.

அண்ணன் நூலைக் கத்தரிச்சுக்கிட்டே சொன்னார். “தூங்கினது நான்தானே மைக்கு. அந்தம்மா கை உடைஞ்சது உண்மைதானே.”

அவ்வளவுதான். சரியான அழுத்தக்காரர்னு திட்டிட்டு எழுந்தேன். அண்ணி வாசல் வரைக்கும் கூடவே வந்தாங்க. கதவை லேசா சாத்திட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க.

“நீ அவர்கிட்ட கத்தி என்னம்மா பண்றது? ஓய்வு எடுக்கலன்னு அவர் சொன்னா, அப்போ இதை எழுதினது யாருன்னு கேப்பாங்க. அது உன் எழுத்து. மைக்குக்குப் பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க ரெண்டு இருக்குன்னு சொல்லிட்டு என் வாயையும் அடைச்சுட்டாரு.”

இவ்வளவு நேரம் ரோஷம் இருக்கான்னு அவரைப் பாத்துக் கேட்டிருக்கேன். மேனேஜர் மேல எனக்கு வந்த கோபத்துல பாதியை என் மேலதான் காட்டியிருக்கணும். தெருமுனை வரைக்கும் என்னை நானே திட்டிக்கிட்டுப் போனேன். எதிர்ல வந்தவங்க ஒதுங்கிப் போனாங்க.

வீட்டுக்குப் போய் என் நாட்குறிப்பை எடுத்துப் பாத்தேன். பயணத்துல எதைக் காட்டினோம், எதை விட்டோம்னு குறிச்சு வெக்கிறது என் பழக்கம். ஒன்பதாவது நாள், அருவி, பாதை மூடல், போகவில்லைன்னு இருந்துச்சு. அப்போதான் சுருக்குனு ஞாபகம் வந்துச்சு. அன்னிக்குக் காலையில ஓட்டல் மேசையில நான் எழுதின சீட்டுல அருவியும் இருக்குமே! போகாத அருவிக்கு முக்கால் மணி நேரம் ஓய்வு எழுதியிருக்கேன். நடந்த அமளியில அதை அடிக்க மறந்துட்டேன். மேனேஜரும் படிச்சுப் பாக்காமலே கோப்புல சேர்த்துட்டார்.

விசாரணை ரூம் சின்னது. நடுவுல ஒரு மேசை, அதுக்குப் பின்னாடி கண்ணாடி போட்ட அதிகாரி அம்மா, மேல சுத்தலாமா வேண்டாமான்னு யோசிக்கிற ஃபேன். மேனேஜர் இஸ்திரி மடிப்பு கலையாம வந்திருந்தார். கம்பெனி சார்புல சாட்சி சொல்லத்தான் என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். படியேறும்போதே, சீட்டு நீ எழுதினது, அதுல இருக்கிறது சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்மான்னு பாடம் நடத்தினார். அண்ணி வெளியில பெஞ்சுல இருந்தாங்க, கதவு பாதி திறந்திருந்துச்சு.

மேனேஜர் கோப்பைத் திறந்து ஒன்பதாவது நாள் சீட்டை, அதுல என்ன இருக்குன்னு யோசிக்காமலே கணீர்னு படிச்சார். ஏரி, முக்கால் மணி நேரம் ஓய்வு. அணை, முக்கால் மணி நேரம் ஓய்வு. அருவி, பதினொண்ணே கால்ல இருந்து பன்னிரண்டு வரை ஓய்வு. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு ஓய்வு குடுக்குறது மேடம்னு சிரிச்சுக்கிட்டே முடிச்சார். அண்ணன் தலை குனிஞ்சு நின்னார். அந்த டைப் அடிச்ச காகிதம் மடிச்சு அவர் சட்டைப் பையில தெரிஞ்சுது.

என்னைக் கேட்டாங்க. இந்த எழுத்து உங்களுதான்னு.

“என் எழுத்துதான் மேடம். ஆனா அன்னிக்கு அருவிக்குப் பஸ்ஸே போகல.”

நான் நிறுத்தல. பாறை சரிஞ்சு போலீஸ் பாதையை மூடினதைச் சொன்னேன், நாட்குறிப்பை எடுத்து மேசை மேல வெச்சேன். காலையில டீ குடிக்கும்போதே எழுதுறதையும், அதை யார் சொல்லிக் குடுத்தாங்கன்றதையும் சொன்னேன். பதினோரு வருஷச் சீட்டும் இப்படித்தான், எல்லாமே பொய்தான்னேன். மேனேஜர் குறுக்கே பாய்ஞ்சு, இந்தப் பொம்பளை உளர்றாங்க மேடம், இன்னிக்கே வேலையில இருந்து எடுத்துடுறோம்னார். எடுத்துடுவீங்கன்னு தெரிஞ்சேதான் பேசுறேன்னு அவரைப் பாத்தே சொன்னேன். அண்ணன் மட்டும் என்னைப் பாத்துத் தலையை ஆட்டி ஆட்டி வேணாம் வேணாம்னார். வாழ்நாள்ல முதல் தடவையா நான் அவர் பேச்சை மீறினேன்.

அதிகாரி அம்மா சாலைத் துறைக்குப் போன் போட்டுக் கேட்டாங்க. அன்னிக்கு ஒன்பதரையில இருந்து அருவிப் பாதை மூடியிருந்துச்சுன்னு பதில் வந்துச்சு. போனை வெச்சுட்டு என் வழிகாட்டி அட்டையைக் கேட்டாங்க. கழுத்துல இருந்து கழட்டிக் குடுத்தேன். பொய்ச் சீட்டு எழுதினவங்களுக்கு இந்தத் தொழில்ல இடம் இல்லம்மான்னு, திட்டாமத்தான் சொன்னாங்க. சரிங்க மேடம்னேன்.

அப்புறம் கோப்போட கடைசியில இருந்த எழுதாத ஓய்வுச் சீட்டு ஒண்ணை உருவி, அண்ணன் முன்னாடி வெச்சாங்க. கூடவே ஒரு பேனா.

“அன்னிக்கு நடந்ததை நீங்களே எழுதுங்க. உக்காந்து நிதானமா எழுதுங்க.”

அண்ணன் நாற்காலி நுனியில உக்காந்தார். ரொம்ப நேரம் எழுதினார். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவார். முடிச்சதும் சீட்டை ரெண்டு கையாலயும் குடுத்தார். அதிகாரி அம்மா படிச்சாங்க. திரும்பவும் ஒரு தடவை படிச்சாங்க. அப்புறம் அதை மேனேஜர்கிட்ட நீட்டி, முன்னாடி படிச்ச மாதிரியே இதையும் படிங்கன்னாங்க.

மேனேஜர் படிச்சார். ஏரி, பஸ்ஸை மூணு தடவை நகத்தினேன், ஓய்வு இல்லை. அணை, கண்ணாடி துடைச்சேன், பெட்டி மாத்தினேன், ஓய்வு இல்லை. அருவி, போகல. ரயில்வே கேட்டு, சாப்பிட்டேன், பாதி. அதோட மேனேஜர் நிறுத்திட்டார். இன்னும் ஒரு வரி இருக்கு, படிங்கன்னாங்க. அவர் தொண்டையைச் செருமிக்கிட்டார், குரல் அடியில போயிடுச்சு.

“மலைப்பாதை, கைப்பிடிச் சுவர். மணி நாலு பத்து. ஓய்வு, ரெண்டு செகண்டு.”

கம்பெனியில இருக்கிற எல்லா டிரைவரோட சீட்டும் நாளைக் காலையில இந்த மேசைக்கு வரணும்னு மேனேஜருக்கு உத்தரவு போட்டாங்க. அண்ணனுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் பதிவாகும்னு சொல்லி, லைசென்ஸை எடுத்து அவர் பக்கம் தள்ளினாங்க. அண்ணன் அதைத் தொடவே இல்ல. தங்கச்சியோட அட்டையைத் திருப்பிக் குடுப்பீங்களான்னு கேட்டார். முடியாதுன்னாங்க. அதுக்கப்புறமும் கையைக் கட்டிக்கிட்டு அப்படியே நின்னுக்கிட்டிருந்தார், கடைசியில அண்ணிதான் உள்ள வந்து லைசென்ஸை எடுத்துக்கிட்டாங்க.